மகவேற்பும் மெய்ச்சான்றும்

தமிழர்தம் அகப்பொருள் மரபிலே தலைவிக்குத் தாயர் இருவர். ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவி உடன்போக்குச் சென்றவிடத்து, மனையிலிருந்து இரங்குதல் நற்றாய்க்கும், சுரத்திடைத் தேடிச் செல்லுதல் செவிலிக்கும் உரியனவாகத் துறைகள் வகுக்கப்பட்டுள்ளன. பெற்ற அன்பும் வளர்த்த அன்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது இம்மரபினாற் பெறப்படும். இருவருள் எவரும் மற்றவரின் பெயரை அழித்துத் தம் பெயரை நாட்டினாரல்லர் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

பிறப்பை மறைப்பதனால் விளையும் இடரையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். கர்ணன் தேர்ப்பாகன் மனையிலே இராதையின் அன்பிற்கு யாதொரு குறைவுமின்றி வளர்ந்தான். ஆயினும் படைக்கல அரங்கிலே அவன் குலம் வினாவப்பட்டபொழுது அவனிடம் மறுமொழி இருக்கவில்லை. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், சாலி என்பாள் ஈன்று கைவிட்டுச் சென்ற மகவு. ஆவொன்று பாலூட்ட உயிர்தாங்கிய அம்மகவை இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்தான். பிறப்பு வெளிப்பட்ட காலை அவ்வளர்த்த தந்தையே அவனைப் புறத்தே தள்ளினான். வளர்ப்பன்பு மெய்யாயிருத்தல் மாத்திரம் போதாது, பிறப்பைப் பற்றிய செய்தியும் மெய்யாயிருத்தல் வேண்டும் என்பதனை இவ்விரு வரலாறுகளும் உணர்த்துவனவாம்.

இக்காலத்திலே பிறர் ஈன்ற மகவைத் தம் மகவாக ஏற்றல் குடும்பத்தின் தனிச்செயலாக இல்லை. சட்டம், நீதிமன்று, திணைக்களம், பதிவேடு ஆகியவற்றின் வழியாகவே அது நடைபெறுகின்றது. இத்துணை ஏற்பாடுகள் இருந்தும் அவை பிழைபட்ட வரலாறொன்று இலங்கைக்கு உண்டு. 1970 ஆம் ஆண்டுகள் தொடக்கம் 1990 ஆம் ஆண்டுகள் வரை இத்தீவிலிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் வெளிநாட்டாரால் மகவேற்கப்பட்டுச் சென்றனர் எனப் பொதுவாகக் கணிக்கப்படுகின்றது. அவர்களுட் பலருடைய பத்திரங்களில் தாய் என எழுதப்பட்ட பெண் அவர்களை ஈன்ற தாயல்லள் என்பது பின்னர் வெளியாயிற்று. இது யாங்ஙனம் நிகழ்ந்தது, இதனாற் கேடுற்றோர் யாவர், இனி வேண்டற்பாலது யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் மகவேற்பின் சட்ட வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1707 ஆம் ஆண்டளவில், ஆள்பதி சைமன்ஸ் என்பாரின் ஆணைப்படி திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் என்பார் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை எனத் தொகுத்தார். சுவீகாரம் பற்றிய வழக்கமும் அதில் இடம்பெற்றுள்ளது. உறவினர் மஞ்சள் நீரில் விரலை நனைத்துத் தம் இசைவைப் புலப்படுத்த, சுவீகாரங் கொள்வோர் அந்நீரைப் பலர் முன்னிலையிற் பருகுதல் அச்சடங்கின் சாரமாகும். அவ்வழக்கத்தின் நோக்கம் பெரும்பாலும் முதுசொம் முதலிய உடைமைகளைப் பற்றியதேயன்றிக் குழந்தையின் நலனைப் பற்றியதன்று. ஆதலின் அதனைக் குறையற்றதெனப் போற்றுதல் பொருந்தாது. எனினும் அதில் ஒரு சிறப்பு உண்டு. கொடுப்பவர், கொள்பவர், கொடுக்கப்படும் பிள்ளை ஆகிய அனைவரையும் நேரில் அறிந்தவரே அங்குச் சான்றாயிருந்தனர். பொய்யான தாயொருத்தியை அச்சபையிலே நிறுத்துதல் இயலாததாகும்.

இலங்கையின் பொதுச்சட்டமாகிய உரோம-ஒல்லாந்தச் சட்டம் மகவேற்பை அங்கீகரிக்கவில்லை. எனவே எல்லாச் சமூகத்தார்க்கும் பொதுவாக 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. ஆங்கிலச் சட்டத்தைத் தழுவிய இக்கட்டளைச் சட்டம் குறைபாடுடையதென எளிதிற் கூறிவிட முடியாது. மகவேற்போர் 25 வயதை அடைந்தவராயும், பிள்ளையினும் 21 வயதேனும் மூத்தவராயும் இருத்தல் வேண்டுமென அது பொதுவிதி வகுத்தது. பெற்றோரின் இசைவு பெறப்படல் வேண்டும். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாயின் அதன் இசைவும் வேண்டும். மகவேற்பு பிள்ளையின் நலனுக்கு உகந்ததென நீதிமன்று திருப்தியுறல் வேண்டும். நீதிமன்றின் அனுமதியின்றி இதன் பொருட்டுப் பணமோ பரிசோ கைமாறுதல் விலக்கப்பட்டது. கட்டளை பிறந்தபின் மகவேற்கப்பட்ட பிள்ளைகளுக்கென உள்ள தனிப்பதிவேட்டிற் பதிவுசெய்யப்படும். உள்நாட்டிலே, உற்றார் உறவினரிடையே நிகழும் மகவேற்புக்கு இவை பெரும்பாலும் போதியனவாயிருந்தன.

நிலைமை மாறியது வெளிநாட்டிலிருந்து கேள்வி எழுந்தபோதாகும். 1960 ஆம் ஆண்டுகளின் பின் மேற்கு ஐரோப்பிய நாடுகளிலே கருத்தடை முறைகள் பரவின. மணமாகாத் தாய்மாருக்கு அரசின் உதவியும் சமூகத்தின் ஏற்பும் கிடைக்கலாயின. அதனால் அந்நாடுகளில் மகவேற்புக்குக் கிடைக்கும் குழந்தைகள் அருகினர். பிள்ளைப்பேறில்லாதோர் ஆசிய, இலத்தீன் அமெரிக்க நாடுகளை நோக்கினர். 1977 ஆம் ஆண்டின் பின் இலங்கையின் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டமையும், வெளிநாட்டுப் பயணிகளின் வரவு பெருகியமையும் இத்தீவை அவர்களுக்கு அணுகுதற்கு எளியதாக்கின. கணவனும் மனைவியுமாக வந்து, சில வாரம் விடுதியிலே தங்கி, சட்டத்தரணி மூலம் நீதிமன்றிலே தோன்றி, குழந்தையுடன் திரும்புதல் வழக்கமாயிற்று.

கேள்வி மிக்கவிடத்து வழங்கலைச் செய்வாரும் தோன்றுவர். பொருளியலார் பண்டங்களுக்குக் கூறும் இவ்விதி குழந்தைகளுக்கும் பொருந்தலாயிற்று. தாய்க்கும் நீதிமன்றுக்கும் இடையிலே தரகர் புகுந்தனர். மருத்துவமனைகளிலும் வறிய ஊர்களிலும் கருவுற்ற ஏழைப் பெண்களைத் தேடி அறிந்து சொல்வோர் ஒரு சாரார். அப்பெண்களைப் பேறுகாலம் வரை வீடுகளில் வைத்திருப்போர் மற்றொரு சாரார். பத்திரங்களை ஆக்குவோர் இன்னொரு சாரார். இத்தகைய வீடுகளைச் செய்தித்தாள்கள் ‘குழந்தைப் பண்ணைகள்’ எனக் குறிக்கலாயின. அத்தகைய இல்லமொன்று 1987 ஆம் ஆண்டிலே கண்டுபிடிக்கப்பட்டதன் பின்னர், வெளிநாட்டார் மகவேற்பு சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது.

எல்லாவற்றினுங் கொடியது ‘நடிப்புத் தாய்’ என்னும் ஏற்பாடாகும். ஈன்ற தாய் நீதிமன்றுக்கு வர விரும்பாதபோதும், அவள் வந்து உண்மையைக் கூறிவிடுவாள் என அஞ்சியபோதும், குழந்தை முறைகேடாகப் பெறப்பட்டபோதும், வேறொரு பெண் சிறுதொகை பெற்றுத் தாய்போல் நடித்தாள். அவள் கூறிய பெயரும் முகவரியுமே பத்திரத்தில் ஏறின. அவள் இசைவே தாயின் இசைவாகக் கொள்ளப்பட்டது. மகவேற்க வந்தவர் அவளை நோக்கிக் கண்ணீர் மல்கி நன்றி கூறினர். தாயும் மகவும் எனப் படமும் எடுத்துக்கொண்டனர். அப்படத்தையே வளர்ந்த பிள்ளை பல்லாண்டு தன் நற்றாயின் உருவமெனப் போற்றி வைத்திருந்த செய்திகள் பின்னர் வெளியாகியுள்ளன.

சட்டமும் அதிகாரிகளும் இருந்தவிடத்து இஃது எவ்வாறு இயன்றது? நிகழ்ச்சியின் படிகளை முறையே நோக்கின் விடை புலனாகும். பிறப்புப் பதிவாளர் தம்மிடம் அறிவிக்கப்பட்டதை எழுதினார். நன்னடத்தை உத்தியோகத்தர் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் தம் முன் வந்த பெண்ணின் கூற்றையும் கொண்டு அறிக்கை வரைந்தார். நீதிபதி அவ்வறிக்கையை நோக்கிக் கட்டளையிட்டார். கட்டளையைக் கண்டு கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. கடவுச்சீட்டைக் கண்டு தூதரகம் நுழைவனுமதி அளித்தது. இலங்கை நீதிமன்றின் கட்டளை உண்டென்பதனால் ஏற்கும் நாடு மேலும் வினாவவில்லை. ஒவ்வொரு படியிலும் இருந்தவர் தமக்கு முந்தைய படியின் பத்திரத்தையே சான்றாகக் கொண்டார். ஆகவே முதற்படியில் நுழைந்த பொய், படிதோறும் முத்திரை பெற்று, இறுதியிலே சட்டத்தின் மெய்யாக நின்றது. கைக்கூலி பெற்றுக் கண்மூடினோரும் இவர்களுள் இருந்தனர். ஆனால் கடமை தவறாத உத்தியோகத்தரும் இவ்வேற்பாட்டினுள் ஏமாற்றப்படத் தக்கவராயிருந்தனர் என்பதே ஆழ்ந்து சிந்தித்தற்குரியது. தீயோர் சிலரைத் தண்டித்தலால் மட்டும் இக்கேடு நீங்காது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, கேடுற்றோரை நோக்குவோம். அவர்களுள் முதல்வர் ஈன்ற தாய்மாரே. அவர்களிற் பெரும்பாலோர் வறிய சிற்றூர்களையும் தோட்டப் பகுதிகளையும் சேர்ந்தோர், மணமாகாது கருவுற்றமையால் ஊராரின் பழிக்கு அஞ்சியோர், கணவனாற் கைவிடப்பட்டோர். தம் பிள்ளை நல்வாழ்வு பெறுக என மனமறிந்து கொடுத்தாரும் உளர். படிக்க அறியாத பத்திரத்திலே கைந்நாட்டு இட்டாரும் உளர். பிள்ளை சில ஆண்டுகளில் திரும்பி வரும், கடிதமும் படமும் தவறாது வரும் என நம்பினாரும் உளர். மருத்துவமனையிலே தம் மகவு இறந்துவிட்டதாகக் கூறப்பட்டதென்றும், பிற்காலத்தில் அது உயிருடன் இருப்பதாக ஐயுற்றோமென்றும் கூறிய தாய்மாரும் உளர். வெளிநாட்டார் செலுத்திய பெருந்தொகையிலே தாயின் கைக்குச் சேர்ந்தது மிகச் சிறியதே. தம்மூரில் எவர்க்கும் கூறாது மறைத்த இரகசியம் ஆதலின், பலர் தம் துயரை ஆற்றுதற்கும் ஒருவரைப் பெறாது முதுமை எய்தினர்.

மகவேற்றோரையும் குற்றவாளிகளாகவே கருதுதல் நீதியன்று. நீதிமன்றின் முத்திரை பெற்ற பத்திரத்தை நம்பியே பலர் குழந்தையைப் பெற்றுச் சென்றனர், அன்புடன் வளர்த்தனர். ஆயினும் குழந்தையின் வரலாற்றை வினாவுதற்கு அவரையும் அவசரம் விடவில்லை. கிடைத்த குழந்தையை வேறொருவர் கொண்டுபோய்விடுவாரோ என்னும் அச்சம் வினாக்களை அடக்கிற்று.

பிள்ளைகளின் இழப்போ காலஞ்செல்லச் செல்லப் பெருகுவது. முகத்தின் நிறத்தினாலே தாம் வேற்று நாட்டிற் பிறந்தவர் என்பதை அவர்கள் இளமையிலேயே உணர்ந்தனர். வளர்ந்தபின் பத்திரங்களைக் கையிற் கொண்டு இலங்கைக்கு வந்தனர். குறித்த முகவரியிலே அப்படி ஒருவர் வாழ்ந்ததில்லை என்னும் மறுமொழியைப் பெற்றோர் பலர். பெயர் குறித்த பெண்ணைக் கண்டு தழுவி, பின்னர் மரபணுச் சோதனையினால் அவள் தாயல்லள் என அறிந்தோரும் உளர். மருத்துவர் ‘நின் குடும்பத்தில் இந்நோய் உண்டோ’ என வினாவும்பொழுது அவர்களிடம் விடையில்லை. தம் பிறந்தநாள்தானும் மெய்யோ என ஐயுறும் நிலையில் அவர்கள் உள்ளனர். 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் பற்றிய உடன்படிக்கை, தன் பெற்றோரை இயன்றவரை அறியும் உரிமையையும், தன் அடையாளத்தைப் பேணும் உரிமையையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியனவாக வகுத்துள்ளது. பொய்ப்பத்திரம் அவ்விரு உரிமைகளையும் ஒருங்கே பறித்துவிடுகின்றது.

இவ்வுண்மைகள் அரசுகளின் ஏற்பைப் பெறுதற்கு நெடுங்காலம் சென்றது. 2017 ஆம் ஆண்டிலே ஒல்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இலங்கை மகவேற்புகளின் மோசடியை வெளிப்படுத்தியது. அதே ஆண்டில் இலங்கையின் அன்றைய சுகாதார அமைச்சர் அந்நிகழ்ச்சியிலே தோன்றி, இத்தகைய முறைகேடுகள் நிகழ்ந்தமையை ஏற்றுக்கொண்டு, தாயரும் மக்களும் ஒருவரையொருவர் காணும்பொருட்டு மரபணுத் தரவகம் ஒன்றை அமைத்தற்கு உறுதி கூறினார். சுவிற்சர்லாந்தில், 1973 தொடக்கம் 1997 வரை 881 இலங்கைக் குழந்தைகளுக்கு நுழைவனுமதி வழங்கப்பட்டதை ஆராய்ந்த அறிக்கையொன்று 2020 இல் வெளியாயிற்று. 1980 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே தூதரகத்தின் வழியாக முறைகேடுகளைச் சுவிஸ் அதிகாரிகள் அறிந்திருந்தும் அனுமதி வழங்குதலை நிறுத்தவில்லை என அவ்வறிக்கை காட்டியது. அவ்வாண்டு திசெம்பரிலே அந்நாட்டு அரசு தன் வருத்தத்தைத் தெரிவித்தது.

ஒல்லாந்திலே யூஸ்திரா என்பார் தலைமையில் அமைந்த குழு, இலங்கை, இந்தோனேசியா, வங்காளதேசம், கொலம்பியா, பிரேசில் ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து 1967 முதல் 1998 வரை நிகழ்ந்த மகவேற்புகளை ஆராய்ந்தது. இலங்கையிலிருந்து மாத்திரம் 3,000 க்கு மேற்பட்ட குழந்தைகள் அந்நாட்டுக்குச் சென்றிருந்தனர். 2021 பெப்புருவரி 8 ஆம் நாள் வெளியான அக்குழுவின் அறிக்கை, முறைகேடுகள் தனித்தனி விபத்துக்கள் அல்ல, அமைப்பிலேயே ஊன்றியவை என்றும், அரசு பல்லாண்டுகளாக அவற்றை அறிந்திருந்தும் உரியவாறு தலையிடவில்லை என்றும் முடிவுசெய்தது. அன்றே அந்நாட்டு அமைச்சர் மன்னிப்புக் கோரி, வெளிநாட்டு மகவேற்புகளை இடைநிறுத்தினார். 2025 யூன் மாதத்திலே சுவீடனிலும் அரசு நியமித்த ஆணைக்குழு வெளிநாட்டு மகவேற்பை முடிவுறுத்துமாறு விதந்துரைத்தது.

பத்திரத்தை நோக்கிப் பிள்ளையை நோக்காமை இலங்கைக்கு மாத்திரம் உரிய குறையன்று. வெளிநாட்டு மகவேற்புக்கு மாத்திரம் உரியதுமன்று. உள்நாட்டிலேயே, வளர்ப்பு இல்லங்களில் அரசு ஒப்படைக்கும் பிள்ளைகளும் இதனால் இடருற்றுள்ளனர். இங்கிலாந்திலே டெனிஸ் ஓநீல் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் மரணம் இதற்குப் பெயர்பெற்ற சான்றாகும். நியூபோட் நகரசபையின் பொறுப்பில் இருந்த அவன், 1944 இல் சுரொப்சயரிலே பண்ணைக் குடும்பமொன்றினிடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டான். 1945 சனவரி 9 ஆம் நாள் பட்டினியாலும் அடியாலும் அவன் உயிர் நீத்தான். சேர் வால்ரர் மொங்ற்றன் நிகழ்த்திய விசாரணை, இரு உள்ளூராட்சி அதிகாரங்களுக்கும் இடையே பொறுப்புத் தெளிவின்றி இருந்தமையையும், மேற்பார்வை தவறியமையையும் வெளிப்படுத்தியது. கடிதங்கள் சென்றன, வந்தன. பிள்ளையின் மெலிந்த உடலை உரிய காலத்திற் கண்டு அவனை அகற்றுவார் இலராயினர். அதன் பின் 1946 இல் கேர்ட்டிஸ் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1948 இல் சிறுவர் சட்டம் ஆக்கப்பட்டது. உள்ளூராட்சி அதிகாரம் ஒவ்வொன்றும் சிறுவர் பொறுப்புக்கெனத் தனி உத்தியோகத்தரை நியமித்தல் வேண்டுமென அச்சட்டம் விதித்தமை, பொறுப்பாளி இவரெனக் காட்டும் பொருட்டேயாம்.

தென் கொரியாவின் வரலாறு இலங்கையின் வரலாற்றுக்கு மேலும் அணித்தானது. அங்கே பெற்றோர் உயிருடன் உள்ள குழந்தைகளுக்கும் ‘அனாதை’ எனத் தனிக்குடும்பப் பதிவு ஆக்கப்பட்டு, அதன் துணைகொண்டு அவர்கள் அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். 2025 மார்ச்சிலே அந்நாட்டின் உண்மை மற்றும் இணக்க ஆணைக்குழு, முறையிட்ட 367 பேருள் முதற்கண் 56 பேர் மனித உரிமை மீறலுக்கு உள்ளாயினர் எனத் தீர்மானித்தது. பொய்ப்பதிவுகளும், ஒரு குழந்தைக்குப் பதிலாக வேறொரு குழந்தையை அதே பெயரில் அனுப்பியமையும் அவ்வறிக்கையிற் கூறப்பட்ட முறைகேடுகளுள் அடங்கும்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். ‘பத்திரம் பொய்யாயின் என்? வறுமையில் வாடவேண்டிய பிள்ளை செல்வ நாட்டிலே கல்வியும் உடல்நலமும் பெற்று வாழ்ந்ததன்றோ? தாயின் பெயர் மெய்யாயிருத்தலிலும் பிள்ளையின் வாழ்வு சிறந்ததன்றோ?’ என்பது அத்தடை. இதனை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. நல்வாழ்வு பெற்றோர் பலர் என்பது உண்மையே. எனினும் இதற்கு மூன்று விடைகள் உள. முதலாவது, வறுமை காரணமாகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தற்குச் செலவிடப்பட்ட பணத்திலே ஒரு சிறுபங்கு அத்தாய்க்கே உதவியாகச் சென்றிருப்பின், பல பிள்ளைகள் பிரிக்கப்பட்டிருக்கமாட்டா. இலங்கைச் சிறுவர் இல்லங்களில் வளர்வோருட் பெரும்பாலோர் பெற்றோருள் ஒருவரையேனும் உடையவர் என்பது இதனை வலியுறுத்தும். இரண்டாவது, ஆதரவற்ற பிள்ளைக்குப் பெற்றோரைத் தேடுதலே மகவேற்பின் இயல்பு. பெற்றோராக விரும்புவோர்க்குப் பிள்ளையைத் தேடத் தொடங்கியவிடத்து, ஆதரவுடைய பிள்ளையும் ஆதரவற்றதாக்கப்படும். மூன்றாவது, நன்மையே செய்யப்பட்டதாயின் அதனை மறைக்கப் பொய் வேண்டியதில்லை. தாயின் மெய்ப்பெயரை எழுதியதனாற் பிள்ளையின் கல்வியோ உடல்நலமோ குறைந்திராது. பொய் எழுதப்பட்டது தரகரின் நலன் கருதியேயன்றிப் பிள்ளையின் நலன் கருதியன்று.

எதிர்ப்புறத்தேயும் ஒரு தடை உண்டு. விதிகள் இறுக இறுக, உண்மையாகவே பெற்றோரற்ற பிள்ளைகள் வீடின்றி இல்லங்களிலே ஆண்டுகள் பல கழிக்க நேரிடும் என்பர். இதுவும் மெய்யே. விசாரணை நெடிது நீண்டால் குழந்தைப் பருவம் அதற்காகக் காத்திராது. எனவே வேண்டப்படுவது விதிகளைப் பெருக்குதல் அன்று. இருக்கும் விதிகளை உரிய காலத்திலே மெய்யாக நிறைவேற்றுதலே. போதிய தொகையினரும் பயிற்சியுடையோருமான உத்தியோகத்தர் இல்லாதவிடத்து, எவ்வளவு சிறந்த சட்டமும் மீண்டும் கோப்புக்களை நோக்கும் செயலாகவே முடியும்.

பிழைகளிலிருந்து பாடம் கற்றமைக்கும் சான்றுகள் உள. இலங்கையில் 1992 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், வெளிநாட்டார் தாமே தரகர் மூலம் குழந்தையைத் தேடிக்கொள்ளும் வழியை அடைத்தது. அரசாங்க இல்லங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட சிறுவர் இல்லங்களிலும் உள்ள பிள்ளைகளையே, நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளர் வழியாக, அவர்கள் மகவேற்கலாம் என்றாயிற்று. 1993 மே 29 ஆம் நாள் ஹேக் நகரிலே நாடுகளிடை மகவேற்புப் பற்றிய உடன்படிக்கை ஆக்கப்பட்டது. இலங்கை 1995 இல் அதனை ஏற்றுறுதி செய்தது. அவ்வுடன்படிக்கை முதலிற் பெற்ற குடும்பத்தையும், அஃது இயலாதவிடத்து உள்நாட்டில் தக்க குடும்பத்தையும் நாடி, இறுதியிலேயே வெளிநாட்டை நோக்குமாறு வரிசை வகுத்தது. தாயின் இசைவு மகவு பிறந்த பின்னரே பெறப்படல் வேண்டும். அது பணத்தால் தூண்டப்பட்டதாயிருத்தல் கூடாது. மகவேற்போரும் பிள்ளையின் பெற்றோரும் ஆரம்ப நிபந்தனைகள் நிறைவேறுமுன் தொடர்புகொள்ளுதல் பொதுவாக ஆகாது. பிள்ளையின் தோற்றம் பற்றிய செய்திகள் பேணப்படல் வேண்டும். எவரும் இதனால் முறையற்ற ஊதியம் பெறுதல் கூடாது. 2004 திசெம்பரிலே கடல்கோள் நிகழ்ந்து எண்ணிறந்த பிள்ளைகள் பெற்றோரை இழந்தபொழுது, அவர்களை மகவேற்றலை அரசு உடனே தடுத்தது. 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் அப்பிள்ளைகளின் பாதுகாவல் பற்றித் தனி ஏற்பாடு செய்தது. பெருந்துயரின் அவசரத்திலே பிள்ளைகள் கைமாறாவண்ணம் காத்தமை பழைய பாடத்தின் பயனெனக் கொள்ளலாம்.

நிகழ்ந்துவிட்ட கேட்டுக்குச் செய்யத்தக்கவையும் உள. முதலாவது, பழைய நீதிமன்றுகளிலும் மருத்துவமனைகளிலும் பதிவகங்களிலும் எஞ்சியுள்ள ஏடுகளை அழியாது காத்தல். கறையானும் ஈரமும் உண்ணும் ஒவ்வொரு கட்டும் ஒருவருடைய நற்றாயின் பெயரைத் தாங்கியதாயிருக்கலாம். இரண்டாவது, மரபணுச் சோதனையின் துணையால் தாயரும் மக்களும் ஒருவரையொருவர் அறிதற்கு நம்பத்தக்க ஏற்பாடு செய்தல். தாயர் முதுமை எய்திவருதலின் இது காலந்தாழ்த்தற்குரியதன்று. மூன்றாவது, தன் இளமைத் துயரை ஊராரறியாது காத்துவந்த தாயின் மானத்தைப் பேணி, அவள் விரும்பிய அளவிலேயே அவளை வெளிப்படுத்துதல். தேடிவரும் மகவின் உரிமையும் மறைந்து வாழும் தாயின் அச்சமும் ஒருங்கே மதிக்கப்படல் வேண்டும்.

இதிலே கல்விச்சாலைகளுக்கும் பங்கு உண்டு. உறவினரின் மனையிலோ சிறுவர் இல்லத்திலோ தக்க ஆளொருவரின் பொறுப்பிலோ வளரும் பிள்ளையை நாடோறும் கண்ணாற் காண்பவர் ஆசிரியரே. திணைக்களத்தின் உத்தியோகத்தர் திங்களுக்கொருமுறை காணின் அதுவே பெரிது. பிள்ளை மெலிந்து வருதலும், உடலிற் காயமுறுதலும், காரணமின்றி வராதொழிதலும் கோப்பில் ஏறுமுன் வகுப்பறையிற் புலனாகும். வரவுப் பதிவேட்டிலே ‘உளன்’ எனக் குறித்து மேற்செல்லுதல் பத்திரத்தை நோக்கும் செயல். அவன் முகத்தை நோக்கி நலம் வினாவுதலே பிள்ளையை நோக்கும் செயல். சான்று, சான்றோர் என்னும் இரு சொற்களும் ஒரே அடியினின்று எழுந்தன என்பர். ஆதரவு குன்றிய பிள்ளைக்கு மெய்ச்சான்றாக நிற்றல் அச்சொற்குரியார் அனைவர்க்கும் கடனாகும்.